தொண்ணூற்றிரண்டு விழுக்காடு முடிந்த நிரல்

நான் எழுதிய கணினி நிரலில் ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு வரிகள் இருந்தன. அவற்றில் நாற்பத்தொரு வரிகளைப் பிறர் பார்த்தால் எனக்கு அவமானம் என்று நானே முடிவு செய்து, அந்த வரிகளின் எண்களை ஒரு தாளில் எழுதி, தாளை மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டியிருந்தேன். அவமானத்துக்குப் பட்டியல் போட்டுப் பூட்டி வைக்கிற ஆள் என்று தெரிந்துவிட்டால், இனி நான் சொல்லப்போவது எதுவும் உங்களுக்கு வியப்பாக இருக்காது.

முப்பத்தொரு வருடம் புள்ளிவிவரத் துறையில் வேலை பார்த்தேன். அறுவடைக் காலத்தில் வயலுக்குள் இறங்கி ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் கயிறு கட்டி, அதற்குள் விளைந்ததை மட்டும் அறுத்து, அடித்து, தூற்றி, எடை போட்டு எழுத வேண்டும். ஓய்வு பெற்ற பிறகு எண்ணுவதற்கு யாரும் எதுவும் தரவில்லை. நானாகவே எண்ணத் தொடங்கினேன். வீட்டிலிருந்து பேருந்து நிறுத்தம் வரை எத்தனை அடி, மின்சாரம் ஒரு நாளில் எத்தனை முறை போகிறது, மனைவி ஒரு தோசைக்கு எத்தனை முறை எண்ணெய் விடுகிறாள். கடைசியாகச் சொன்னதை ஒரே ஒரு நாள்தான் எண்ணினேன்.

எங்கள் ஊர் திருப்பனந்தாளுக்குக் கிழக்கே, ஒரு வாய்க்காலின் கடைசியில் இருக்கிறது. கல்லணையைத் திறந்த செய்தி பத்திரிகையில் வந்த நாளிலிருந்து எங்கள் ஊர்ச் சிறு பாலத்தைத் தண்ணீர் தொடும் வரை எத்தனை நாள் ஆகிறது என்று ஓய்வு பெற்ற வருடம் முதல் குறித்து வைத்திருக்கிறேன். பன்னிரண்டு வருடம், பன்னிரண்டு நோட்டு. ஒரே நோட்டில் பன்னிரண்டு வரியாக எழுதியிருக்கலாம் என்று மனைவி சொன்னாள். அவளுக்கு ஆவணப் பராமரிப்பு தெரியாது என்று அப்போது நினைத்தேன்.

அறுபத்தாறு வயதில் கணினி நிரல் எழுதக் கற்றுக்கொண்டேன். நோக்கம் எளிமையானது. கல்லணை திறந்த தேதியைக் கொடுத்தால் எங்கள் பாலத்துக்குத் தண்ணீர் என்றைக்கு வரும் என்று அது சொல்ல வேண்டும். இதற்கு அறுபது வரி போதும். மீதியில் இருநூறு வரி, திரையின் மேல்பக்கத்தில் காவிரி நீல நிறத்தில் அசைந்து ஓடுவதற்கு. நூற்றைம்பது வரி, பதிலை மூன்று வண்ணத்தில் அச்சிடுவதற்கு. எங்கள் வீட்டு அச்சுப்பொறியில் கறுப்பு மட்டும்தான் வரும்.

கும்பகோணத்தில் நிரல் எழுதுகிறவர்கள் சிலர் மாதத்தின் முதல் ஞாயிறு காலையில் ஒரு கணினிப் பயிற்சி மையத்தின் மாடியில் கூடுகிறோம். என்னையும் சேர்த்து ஒன்பது பேர். அங்கே ஒரு வழக்கம் உண்டு. அந்த மாதம் எழுதியதை, அரைகுறையாக இருந்தாலும், இணையத்தில் எல்லோரும் பார்க்கும் பொதுக் களஞ்சியத்தில் போட்டுவிட்டுத்தான் டீ குடிக்க வேண்டும். கூட்டத்தை நடத்துபவர் ஒரு பாலிடெக்னிக் ஆசிரியை. என்னைவிட இருபத்தைந்து வயது இளையவர். அவர் தம்முடைய நிரலைப் போடும்போதே, "இது ஓடாது, ஏன் ஓடலைன்னு எனக்கும் தெரியல, பாருங்க" என்று சிரித்துக்கொண்டே போடுவார். எனக்கு அதைக் கேட்டாலே வியர்க்கும்.

நான் பத்தொன்பது மாதம் எதுவும் போடாமல் டீ குடித்தேன். பதிலாக ஒரு விழுக்காடு சொல்வேன்.

"சார், போன மாசம் தொண்ணூத்திரெண்டுன்னீங்க. இந்த மாசம்?"

"தொண்ணூறு."

"கொறையுது சார்."

"புதுசா ரெண்டு குறை கண்டுபிடிச்சேன்மா."

"அப்ப இன்னும் நாலு வருஷத்துல சைபருக்கு வந்துடும். அதுக்குள்ள ஒரு தடவ இருக்கறத இருக்கற மாதிரி போட்டுடுங்களேன்."

எல்லோரும் சிரித்தார்கள். எட்டுப் பேரும். எண்ணினேன்.

எனக்குக் காரணங்கள் இருந்தன. அலுவலகத்தில் என் மேசையிலிருந்து ஒரு தாள் வெளியே போனால் அது சுத்தப் பிரதியாகத்தான் போகும். அடித்துத் திருத்திய வரைவைக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டு, கூடை காலியாவதை நின்று பார்ப்பேன். ஒரு கூட்டல் தப்பினால் மேலதிகாரி முன்னால் நிற்க வேண்டியது நான்தானே. அப்படிப் பழகியவனிடம் வரைவை ஊர் பார்க்கப் போடு என்றால், வேட்டியை அவிழ்த்துக் கொடியில் போட்டுவிட்டுக் கடைத்தெருவுக்குப் போ என்பது போல் இருந்தது. இவை நான் கூட்டத்தில் சொன்ன காரணங்கள். சொல்லாத காரணம் ஒன்று. கூட்டத்தில் என்னை மட்டும்தான் எல்லோரும் சார் என்று கூப்பிட்டார்கள். நாற்பத்தொரு வரிகளைப் பார்த்த பிறகும் கூப்பிடுவார்களா என்பது நிச்சயமில்லை.

மனைவி முறத்தில் அப்பளம் காய வைத்துக்கொண்டே ஒரு நாள் சொன்னாள்: "அப்பளங்கூட வெளிய போட்டாத்தாங்க காயுது. நீங்க பெட்டிக்குள்ளயே வெச்சுக் காயப் போடுறீங்க."

இந்த நிலைமையில்தான் அந்த ஜூன் மாதம், அடுத்த தெருவிலிருந்து ஒரு பெண் என் நிரலைத் தேடி வந்தார். நாலு மா நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்கிறவர். அதாவது நானூறு குழி, ஒரு ஏக்கரும் மூன்றில் ஒரு பங்கும். அதே வயலில் அவருடைய அம்மா ஒரு காலத்தில் கூலிக்கு நடவு நட்டிருக்கிறார். நிலத்துக்காரர் சிங்கப்பூரில் இருக்கிறார். கிணறு இல்லாத நிலம். வாய்க்கால் தண்ணீர்தான்.

"சார், தண்ணி வர்ற தேதி உங்க கம்ப்யூட்டர்ல வருதாமே. அக்கா சொன்னாங்க."

அக்கா என்றது என் மனைவியை. பத்தொன்பது மாதமாக நான் காத்த ரகசியத்தை அவள் ரேஷன் கடை வரிசையில் சொல்லியிருக்கிறாள்.

அவருக்குத் தேதி ஏன் வேண்டும் என்று விளக்கினார். நாற்றங்காலில் தெளிக்கும் முன் விதையை ஒரு நாள் ஊறப் போட வேண்டும். பிறகு சாக்கில் கட்டி ஒரு நாள் மூட்டம் வைக்க வேண்டும். உள்ளே சூடேறி முளை வெடிக்கும். மூன்றாம் நாள் சேற்றில் தெளித்தாக வேண்டும். தண்ணீர் வந்த பிறகு விதையை நனைத்தால் நாற்று பின்தங்கி, குறுவை அறுப்பு மழையில் போய் மாட்டும். தண்ணீர் வராமல் நனைத்துவிட்டால் முளை சாக்குக்குள்ளேயே பின்னிக்கொண்டு வெந்துவிடும். முப்பது கிலோ குறுகிய கால விதை வைத்திருந்தார். அந்த ரகம் கடைகளில் தீர்ந்திருந்தது. இது போனால் அந்த வருடம் அவருக்குக் குறுவை இல்லை.

என் நிரலுக்கு முதன்முதலாக ஒரு ஆள் வந்திருக்கிறார். ஆனால் திரையை அவர் பக்கம் திருப்பவில்லை. அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஓட்டிப் பார்த்து, வெளியே வந்து, நீதிபதி மாதிரி சொன்னேன்: "எட்டு புள்ளி ஆறு நாள். ஒன்பதாம் நாள் காலையில பாலத்துல தண்ணி நிக்கும்."

"புள்ளி ஆறுங்களா?"

"புள்ளி ஆறு."

அவர் மரியாதையோடு தலையாட்டினார். அந்தப் புள்ளிக்காகத்தான் தலையாட்டினார் என்பது பிறகு தெரிந்தது.

கல்லணை திறந்த ஏழாம் நாள் காலையில் அவர் விதையை ஊறப் போட்டார். எட்டாம் நாள் மூட்டம் வைத்தார். ஒன்பதாம் நாள் காலை ஆறு மணிக்கு நான் பாலத்தில் இருந்தேன். வாய்க்கால் தூர்வாரிச் சுத்தமாக, காய்ந்து, வெடித்துக் கிடந்தது. ஏழு மணிக்கு அவரும் வந்தார். எட்டரை வரை இருவரும் மேற்கே பார்த்துக்கொண்டு நின்றோம். ஒரு நாய் வாய்க்கால் தரையிலேயே நடந்து வந்தது. அதன் கால் நனையவில்லை.

"மேல ஊர்ல குளத்துக்குத் திருப்பியிருப்பாங்க சார்" என்றார் அவர்.

"எந்தக் குளத்துக்கு?"

"கோயில் குளத்துக்குத்தான். மீன் குத்தகை மூணு வருஷத்துக்கு ஒருக்கா முடியுதுல்ல. முடியற வருஷம் கோடையில குளத்த வடிச்சுப் பூரா மீனையும் புடிச்சிடுவாங்க. புதுத் தண்ணி வந்தா மொதல்ல குளத்துக்கு. அது ரொம்புன பொறவுதான் நமக்கு."

"இது உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"ஊருக்கே தெரியும் சார்."

"ஏம்மா எங்கிட்டச் சொல்லல?"

"நீங்க புள்ளி வெச்சுச் சொன்னீங்களே சார். அம்புட்டு நுணுக்கமாப் பாக்குறவரு குளத்த விட்டிருப்பாரா, எல்லாம் சேத்துத்தான் போட்டிருப்பாருன்னு நெனச்சேன்."

அந்தக் குளம் என் நிரலில் இருந்தது. இருநூற்றுப் பதினேழாம் வரியில் இருந்தது. பன்னிரண்டு வருடக் கணக்கில் எட்டு வருடம் தண்ணீர் எட்டு நாளிலோ ஒன்பது நாளிலோ வந்திருந்தது. நாலு வருடம் மட்டும் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. அந்த நாலும் என் சராசரியை அசிங்கப்படுத்தின. குறித்ததில் ஏதோ பிசகு என்று சொல்லிக்கொண்டு, ஒரே வரியில் நாலையும் கணக்கிலிருந்து நீக்கிவிட்டேன். மேலே ஒரு குறிப்பும் எழுதியிருந்தேன்: 'இந்த நாலு வருடம் ஏன்? பிறகு பார்க்கவும்.' அவமானப் பட்டியலில் முதல் எண் அதுதான். நாலு வருடமும் சரியாக மூன்று மூன்று வருட இடைவெளியில் இருந்தன. தோசைக்கு விடும் எண்ணெயை எண்ணியவன் இதை எண்ணவில்லை.

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு மேல ஊருக்குப் போனேன். மூன்று கிலோமீட்டர். வாய்க்காலின் குறுக்கே மூங்கில் முளை அடித்து, வைக்கோலும் மண்ணும் போட்டுக் கொறம்பு கட்டியிருந்தார்கள். தடுப்பில் மோதிய தண்ணீர் அப்படியே திரும்பிக் குளத்துக்குள் போய்க்கொண்டிருந்தது. பதினொரு படிகளில் மூன்று நனைந்திருந்தன. கொஞ்சம் தண்ணீர் கீழே விடச் சொல்லிக் கேட்டேன். "ரொம்புனா தானா வரும் சார், எப்பவும் அப்படித்தானே" என்று அன்பாகச் சொன்னார்கள். படிகளை விரலால் எண்ணிப் பார்த்தேன். இன்னும் மூன்று நாள் என்று வந்தது. மூன்றாம் நாள்தான் எங்களுக்குத் தண்ணீர் வந்தது. அந்த வருடம் நான் சொன்னதில் சரியாக இருந்த ஒரே தேதி அது. நிரல் இல்லாமல் சொன்னது.

திரும்பி வந்தபோது அவர் எங்கள் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தார். தோளில் ஒரு சாக்கு, சைக்கிளில் ஒரு சாக்கு.

"கைய வெச்சுப் பாருங்க சார்."

வைத்தேன். காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி சுட்டது. முளை நீண்டு சாக்கின் இழை வழியே வெள்ளையாக எட்டிப் பார்த்தது.

"இன்னிக்கிச் சாயங்காலத்துக்குள்ள மண்ணப் பாக்கணும்" என்றார். குரல் உயரவில்லை. என்மேல் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

மனைவி உள்ளேயிருந்து வந்து சாக்கைத் தொட்டுப் பார்த்தாள். "கொல்லையில மோட்டார் இருக்கு. பிளாஸ்டிக் ஷீட் விரிச்சு மண்ணப் பரப்பி அதுமேல தெளிக்கிறாங்களே, மிஷின் நடவுக்கு, பாய் நாத்தங்காலு. அதுக்கு எடம் கொஞ்சம் போதும்ல?"

"ஒன்னேகால், ஒன்றரை சென்ட்டு போதும்க்கா. ஆனா உங்க செடியெல்லாம் நிக்கிதே."

"வெண்டை, கத்தரி, மொளகா, மொத்தம் இருபத்தேழு" என்றேன் நான்.

"எண்ணிட்டீங்கல்ல, இப்பப் புடுங்குங்க" என்றாள் மனைவி.

பிடுங்கினேன். அவர் தம்முடைய தெருவிலிருந்து இரண்டு பெண்களைக் கூட்டி வந்தார். மண்ணைச் சலித்து, எருவைக் கலந்து, விரிப்பில் பரப்பி, மாலை நாலரைக்கு முளைத்த விதையைத் தெளித்து முடித்தார்கள். பின்னிக்கொண்ட முளைகளைப் பிரித்தபோது சில ஒடிந்தன. ஒடிந்தவற்றை எண்ண நான் குனிந்தேன். மனைவி பார்த்த பார்வையில் நிமிர்ந்தேன்.

மறுநாள் காலை அவர் பூவாளியோடு தண்ணீர் தெளிக்க வந்தார். தெளித்துக்கொண்டே, "சார், அந்தக் கம்ப்யூட்டர்ல என்னதான் எழுதியிருக்கீங்க, படிச்சுச் சொல்லுங்க, கேப்போம்" என்றார்.

"அது இன்னும் முடியலம்மா."

"அதான் தெரியுதே சார்."

மடிக்கணினியைக் கொல்லைக்குக் கொண்டுவந்து, கிணற்றடிக் கல்லில் உட்கார்ந்து, ஒவ்வொரு வரியையும் தமிழில் சொன்னேன். காவிரி அசையும் இருநூறு வரியை மெதுவாகத் தாண்டப் பார்த்தேன். அது என்ன என்று கேட்டார். சொன்னேன். பூவாளியை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தார். நாலு வருடத்தை நீக்கிய வரிக்கு வந்ததும், "அத எதுக்கு எடுத்தீங்க? அதுதானே சார் விஷயமே" என்றார். இன்னொரு இடத்தில், "தூர் வாராத வருஷமும் வாருன வருஷமும் ஒண்ணா? வாராட்டி ஒரு நாள் கூடப் புடிக்கும்" என்றார். நிரல் எழுதத் தெரியாத ஒருவர், ஒரு நாற்றங்காலுக்குத் தண்ணீர் தெளிக்கும் நேரத்தில், முக்கால் மணிக்குள், நான் பத்தொன்பது மாதத்தில் காணாத இரண்டு பிழையைக் காட்டினார். நான் பயந்துகொண்டிருந்த நாற்பத்தொன்றில் நாற்பது வரிகளைப் பற்றி அவர் எதுவுமே சொல்லவில்லை. அவை வெறும் அழகில்லாத வரிகள். தவறுகளில் ஒன்று பட்டியலின் தலையிலேயே இருந்தது. அதையும் சேர்த்துத்தான் பூட்டியிருந்தேன். இன்னொன்று பட்டியலிலேயே இல்லை. அது நான் பெருமைப்பட்ட ஒரு பகுதியில் இருந்தது.

இதைத்தான் இத்தனை நாள் பாலிடெக்னிக் ஆசிரியை எனக்குச் சொல்ல முயன்றிருக்கிறார் என்று அந்தக் கல்லில் உட்கார்ந்திருந்தபோது புரிந்தது. முடிந்த நிரலைப் பார்க்கிறவர்கள் பாராட்டுவார்கள், அல்லது எனக்குச் செய்தது போல் தலையாட்டிவிட்டு நம்பிவிடுவார்கள். அரைகுறையைப் பார்க்கிறவர்கள்தான் இது என்ன, இது ஏன் என்று கேட்பார்கள். நான் என் சந்தேகத்தை உள்ளே எழுதி வைத்துக்கொண்டு, புள்ளி ஆறை மட்டும் வெளியே அனுப்பினேன். சந்தேகத்தை அனுப்பியிருந்தால் ஊரே விடை சொல்லியிருக்கும்.

அன்று மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் நிரல் முழுவதையும் களஞ்சியத்தில் போட்டேன். அனுப்பும் பொத்தானை அழுத்த எனக்குப் பதினேழு நிமிடம் ஆனது. போட்டதும் இழுப்பறைத் தாளையும் படம் பிடித்துக் கூடவே போட்டேன். ஆசிரியையிடமிருந்து முதல் பதில் வந்தது: "சார்! மொத்தம் நாப்பத்தொண்ணுதானா? எனக்கெல்லாம் வரிக்கு ஒண்ணு." அடுத்த வாரத்துக்குள் அவர், நான் நீக்கிய நாலு வருடத்தையும் உள்ளே சேர்த்து, மீன் குத்தகை முடியும் வருடமா என்று முதலிலேயே கேட்கும்படி திருத்திவிட்டார். பூம்புகார்ப் பக்கம் வாய்க்கால் கடைசியில் நிலம் வைத்திருக்கும் உறுப்பினர் ஒருவர், தம் ஊரில் மீனுக்குப் பதில் அல்லிக் குளம் இருப்பதாகவும், திருவிழா வருடத்தில் தண்ணீர் தாமதிப்பதாகவும் எழுதித் தம் கணக்கைச் சேர்த்தார். யாரோ ஒருவர் காவிரி அசைவதை நிறுத்தினார். நிரல் நாலு மடங்கு வேகமாக ஓடுகிறது. என்னை இன்னும் சார் என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஆனால் இப்போது அதைச் சொல்லும்போது கொஞ்சம் சிரிக்கிறார்கள்.

இதெல்லாம் நடந்துகொண்டிருக்கும்போதே நான் கொல்லைக்குப் போய்ப் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்தாம் நாள் பச்சை தெரிந்தது. ஒரு மூலையில் மட்டும் சொட்டையாக இருந்தது. சாக்கின் அடியில் அதிகம் வெந்த விதை விழுந்த மூலை அது. பன்னிரண்டாம் நாள் தண்ணீர் வந்ததும் அவர் வயலை உழுது சேறாக்கிக்கொண்டார். பதினைந்து நாள் நாற்று ஆனதும் பாய் பாயாகச் சுருட்டி எடுத்துப் போனார்கள்.

அவருடைய நாலு மாவில் மூன்றரை மா நடவு ஆனது. அரை மாவுக்கு நாற்று போதவில்லை. நான் வரப்பில் குடையோடு நின்றுகொண்டிருந்தேன். "ஐம்பது குழி கொறைஞ்சு போச்சேம்மா" என்றேன்.

"கொறைஞ்சுதான் போச்சு சார்" என்றார். கையில் இருந்த சேற்றை வாய்க்கால் தண்ணீரில் கழுவிக்கொண்டே, "இதையும் அதுல எழுதிடுங்க. அடுத்து எவராச்சும் அதப் பாத்து வெதைய நனைப்பாங்கல்ல. தெரிஞ்சுக்கிட்டு நனைக்கட்டும்" என்றார்.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன். எழுத வேண்டியதைச் சுத்தப் பிரதி எடுக்காமல் நேராகவே அடித்தேன். இப்போது நிரலைத் திறப்பவர்கள் முதலில் பார்ப்பது இதைத்தான்: 'இது முடியாத நிரல். இதை நம்பி ஒருவர் முப்பது கிலோ விதை நனைத்தார். அரை மாவுக்கு நாற்று போதவில்லை. உங்கள் ஊர்த் தண்ணீர் வேறு எங்கே திரும்புகிறது என்று தெரிந்தால் சொல்லுங்கள்.'